பல்செட் அத்தானும் பேர் தெரியாத டர்போவும்

என் அத்தானுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று உண்டு. அது அவருடைய அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்குகிறது. ஊருக்கு அவர் பல்செட். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் 'புட்டி' என்கிற, பிசைந்த மாவு மாதிரி மெத்தென்ற பசையை அழுத்தி அச்சு எடுத்து அனுப்புவார்கள். அத்தான் அந்த அச்சுக்குள் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்து, அந்த மாடலின் மேல் பல்செட் செய்து திருப்பி அனுப்புவார். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. எங்கள் பக்கத்தில் அறுபது வயதுக்கு மேல் யார் வாய்விட்டுச் சிரித்தாலும் அதில் பாதிச் சிரிப்பு அத்தானின் கைவேலை. அவர் மட்டும் லேசில் சிரிக்க மாட்டார்.

பேசவும் மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசுவேன். நான் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எனக்கென்று தனியாக வைத்திருக்கும் பிரேக்கை நாள் முழுக்க மிதித்து மிதித்து, கோபம் என் மூக்கின் மேலேயே நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. அத்தான் என்னை 'ரெண்டாவது பிரேக்' என்றுதான் கூப்பிடுவார். அவர் வாழ்க்கையில் அடித்த ஒரே ஜோக் அதுதான். அதையே பதினைந்து வருஷமாக அடித்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டின் பின்னறைதான் அத்தானும் அக்காவும் பல்செட் செய்கிற லேப். ஜன்னலோரம் அத்தானின் மேஜை. அதில் ஒரு சின்ன கேஸ் விளக்கு, மெழுகுக் கத்திகள், வரிசையாகப் பல் இல்லாத பிளாஸ்டர் தாடைகள். எதிர்ச் சுவரோரம் அக்காவின் மேஜை. அதில் பாலிஷ் மோட்டார். அக்காவுக்கு இந்த வேலையை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டாள். இப்போது ஓர் அச்சைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தே எந்தக் கிளினிக்கில் எடுத்தது என்று சொல்லிவிடுவாள். இரண்டு பேரும் முதுகோடு முதுகு வைத்த மாதிரி உட்கார்ந்து காலை எட்டு மணிக்கு ஆரம்பிப்பார்கள். லேபுக்கு லீவு என்ற பேச்சே கிடையாது.

இப்படிப்பட்ட மனிதர் எட்டு மாதத்துக்கு முன் ஒரு கிளினிக்குக்குப் பல்செட் கொடுக்கப் போனவர், திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று, "ஒரு வண்டி பாத்தேன்" என்றார்.

"நம்மகிட்டதான் ஒண்ணு இருக்கே. எதுக்கு இன்னொண்ணு?" என்றாள் அக்கா.

"பிடிச்சிருக்கு" என்றார் அத்தான்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அக்கா அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறாள். அது அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொன்னபோது. குழம்பில் உப்பே போடாமல் பரிமாறினாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிற ஆள் வாய் திறந்து ஆசைப்பட்டதைக் கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? மறுநாள் வண்டி வந்துவிட்டது. மஞ்சள் நிறம், இரண்டே கதவு, இருபத்து மூன்று வயது, தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார். எனக்கு அதைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. அதில் ஏறுவதற்குக் காலை முதலில் விடுவதா தலையை முதலில் விடுவதா என்றே தெரியவில்லை.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் அத்தான் நேரே ஷெட்டுக்குப் போய்விடுவார். ஏதாவது ஒன்றைத் துடைப்பார், முறுக்குவார், சும்மா உட்கார்ந்திருப்பார். விசிலடித்தார் என்றுகூட ஒரு வதந்தி உண்டு. அக்கா அந்த வண்டியில் ஒரு நாளும் ஏறவில்லை. கேட்டால், "எனக்கு வேலை இருக்கு" என்பாள்.

வினை வருஷாந்தரப் பரிசோதனையில் வந்தது. எங்கள் ஊரில் இருபது வயது தாண்டிய வண்டி என்றால் சட்டம் கறார். பரிசோதனையில் ஒரு தடவை தவறினால் முப்பது நாள் அவகாசம். இரண்டாவது தடவையும் தவறினால் பதிவு ரத்து. ரத்தான வண்டி வாசல் வழியாக வீட்டுக்குத் திரும்பாது. பின்பக்க கேட் வழியாக நேரே உடைப்பு யார்டுக்குப் போகும். பிரேக், விளக்கு, டயர் எல்லாவற்றிலும் பாஸாகி நின்ற மஞ்சள் கார் கடைசியில் படிவத்தின் ஒரே ஒரு கோட்டில் மாட்டிக்கொண்டது.

"டர்போ அப்புறமா பொருத்தினது சார். யார் செஞ்சது, என்ன மாடல்னு எழுதணும். இந்தக் கோடு காலியா இருந்தா நான் ஸ்டாம்ப் அடிக்க முடியாது" என்றார் பரிசோதகர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிற பெண்மணி. கையில் எப்போதும் ஒரு பெரிய கப் டீ.

டர்போ என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. எஞ்சின் விடுகிற புகையின் வேகத்தில் ஒரு குட்டிக் காற்றாடி சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி சேர்ந்து சுற்றி, வெளிக்காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும். வண்டி பறக்கும். அவ்வளவுதான். இந்தக் காரோடு கம்பெனி கொடுத்த டர்போவை முன்னால் இருந்த எந்தப் புண்ணியவானோ கழற்றி எறிந்துவிட்டு வேறு ஒன்றை மாட்டியிருக்கிறான். கம்பெனிப் பெயர் தகடு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. விற்றவரைக் கேட்டால் தனக்கு விற்றவரைக் கேட்கச் சொன்னார். அவர் எங்கேயோ வெளிநாட்டில். இந்த அலைச்சலிலேயே பத்து நாள் போய்விட்டது.

"கழட்டி எறிஞ்சுட்டு வேற போட வேண்டியதுதானே?" என்றேன் நான்.

"போல்ட்டெல்லாம் துருப்பிடிச்சு ஒண்ணோட ஒண்ணா ஆயிடுச்சு" என்றார் அத்தான். "தொட்டா உடையும். உடைஞ்சா எஞ்சின் தலையை மாத்தணும். அது இப்ப எங்கயும் கிடைக்காது."

"அப்ப படத்தைப் பிடிச்சு யாருக்காவது அனுப்புங்க."

அதற்கும் வழியில்லை. டர்போ எஞ்சினுக்குப் பின்னால், இருட்டில், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தது. காற்றுக் குழாயைக் கழற்றினால் காற்றாடியின் வாய் வரை கை போகும். கையில் போன் இருந்தால் கையும் போகாது.

ஒரு வாரம் அத்தான் வண்டிக்கு அடியில் படுத்தே கிடந்தார். எட்டாவது நாள் காலையில் வேலைக்கு நடுவே திடீரென்று எழுந்து, மேஜை மேலிருந்த புட்டி டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினார். ஓடினார் என்று சும்மா சொல்லவில்லை. நானே கண்ணால் பார்த்தேன். வாயின் கடைக்கோடியில் இருக்கும் கடைவாய்ப் பல்லை டாக்டர் பார்த்தா அச்சு எடுக்கிறார்? விரலால் அழுத்தித்தானே எடுக்கிறார்! அத்தான் சாம்பல் நிறப் புட்டியைப் பிசைந்து, கையைத் தோள் வரை விட்டு, காற்றாடியின் முகத்தில் அழுத்தி, நான்கு நிமிஷம் மூச்சுப் பிடித்து நின்று, மெதுவாக உருவினார். வந்தது பாருங்கள், வட்டமாக, மடிப்பு மடிப்பாக, அச்சு அசலாக ஒரு பதிவு. அடுத்தவர் எடுத்த அச்சையே இருபத்தாறு வருஷம் வாங்கிய மனிதர் முதல் தடவையாகத் தானே ஒன்று எடுத்திருக்கிறார். சந்தோஷம் தாங்கவில்லை. விளிம்புகள் தெளிவாகத் தெரியட்டும் என்று மேலே வெள்ளி நிறப் பொடியைத் தடவி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுத்தார்.

"எப்படி இருக்கு?" என்று அக்காவிடம் போனை நீட்டினார்.

அக்கா பாலிஷ் மோட்டாரை நிறுத்தாமல் ஒரு பார்வை பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள். மறுபடி வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

பிறகு அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி மாடலும் எடுத்தார். மாடலை வைத்து அளவுகளை அரைக்கால் மில்லிமீட்டர் பிசகாமல் எடுத்தார். வாய் அகலம், அடி அகலம், பெரிய இறக்கை ஆறு, சின்ன இறக்கை ஆறு. அளவுகளையும் போட்டோவையும் விசிலுக்கு அனுப்பினார். விசில் என்பவர் பக்கத்து ஊரில் டர்போ ரிப்பேர் மட்டுமே செய்கிற மெக்கானிக். தெருவில் போகிற வண்டியின் டர்போ எழுப்புகிற சத்தத்தை வைத்தே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவாராம். அதனால் அந்தப் பெயர்.

ஒரு மணி நேரத்தில் விசில் போன் செய்தார். அத்தான் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, உக்காந்துட்டு இருக்கீங்களா? அளவெல்லாம் பாத்தா சாதாரண டர்போதான்னு நெனச்சேன். போட்டோ பாத்ததும் ஆடிப் போயிட்டேன். காத்தாடி எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கு! இது இடஞ்சுத்தி! அதுவும் ஒவ்வொரு இறக்கையும் எவ்வளவு தடி! இப்படி ஒண்ணை என் சர்வீஸ்ல பாத்ததில்ல. ரேஸுக்குன்னே தனியா கடைஞ்சிருக்காங்க. சத்தியமா சொல்றேன், இது தங்கம்!"

அத்தானின் முகம் மலர்ந்தது. "அப்ப மாடல் என்னன்னு எழுதறது?"

"ரேஸ் டர்போன்னு எழுதுங்க. ஆனா..." விசில் இழுத்தார். "ரோட்டு வண்டியில ரேஸ் சாமானுக்கு அனுமதி கிடையாதேண்ணே."

மலர்ந்த முகம் அப்படியே சுருங்கியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த போனைப் பிடுங்கி விசிலை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். அவர் பாவம், என்ன செய்வார்?

அடுத்த பன்னிரண்டு நாளும் அத்தான் ஷெட்டுக்குப் போனார், சும்மா நின்றார், திரும்பி வந்தார். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கேட்டேவிட்டேன்.

"அத்தான், அந்தக் கோட்டுல ஏதாவது ஒரு கம்பெனி பேரை எழுதிட்டுப் போங்களேன். அந்த அம்மா என்ன உள்ளே தலையை விட்டா பாக்கப் போகுது?"

"பொய் எழுதறதா?"

"ஆமா, பொய்தான்! உலகத்துல யாருமே எழுதாத பொய்யா?"

"நான் செஞ்சு அனுப்புற ஒவ்வொரு பல்செட்டுக்கும் என்ன பொருள்னு ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்து போடறேன். அதை நம்பித்தான் ஒருத்தர் வாயில வைக்கிறார்" என்றார். "ஒரு சீட்டுல பொய் எழுதினா அப்புறம் எந்தச் சீட்டை நம்பறது?"

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்காவைப் பார்த்தேன். அவள் தலை நிமிரவில்லை. தேய்த்த பல்லையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பதாவது நாள் காலை. மஞ்சள் காரை அத்தான் ஓட்டிக்கொண்டு முன்னால் போனார். திரும்பி வருவதற்கு அவருக்கு வண்டி வேண்டுமே என்று நான் டிரைவிங் ஸ்கூல் காரை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். 'நானும் வரேன்' என்று அக்கா என் காரில் ஏறிக்கொண்டாள். எனக்கு ஆச்சரியம். மடியில் ஒரு துணிப்பை. வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நான் இரண்டு தடவை பேச்சுக் கொடுத்தேன், காதிலேயே விழவில்லை.

பரிசோதனை நிலையத்தில் எங்களுக்கு முன்னால் பதினோரு வண்டிகள். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். எங்கள் முறை வந்தபோது பரிசோதகர் புது டீயோடு உட்கார்ந்திருந்தார். படிவத்தை அத்தான் பக்கம் தள்ளினார். அத்தான் பேனாவைத் திறந்து, அந்தக் காலிக் கோட்டில், அழகான கையெழுத்தில், 'தயாரிப்பாளர் தெரியவில்லை, இடஞ்சுற்றி, பந்தயத்துக்காகச் செய்தது' என்று எழுதினார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் வழியாக மஞ்சள் காரைப் பார்த்தேன். சனியனே, உன்னை இவ்வளவு திட்டியிருக்கிறேனே என்று எனக்கே அழுகை முட்டியது.

"கீழ கையெழுத்து போடுங்க சார்" என்றார் பரிசோதகர். அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது.

"போடாதீங்க" என்றாள் அக்கா.

நாங்கள் மூன்று பேரும் திரும்பினோம். அக்கா துணிப்பையைப் பிரித்து, துண்டில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். காற்றாடியின் பிளாஸ்டர் மாடல்.

"இதைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புங்க" என்றாள்.

"அன்னைக்கே அனுப்பிட்டேனே" என்றார் அத்தான்.

"அன்னைக்கு நீங்க அனுப்புனது அச்சு. மாடல் இல்ல."

அத்தான் ஒன்றும் புரியாமல் போனைத் திறந்து பழைய போட்டோவைப் பார்த்தார். மேஜைமேல் இருந்த மாடலைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு விளங்க இன்னும் ஒரு நிமிஷம் ஆயிற்று. அச்சில் எல்லாமே தலைகீழ். மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும், வலப்பக்கம் சாய்ந்தது இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். இறக்கைகளுக்கு நடுவில் இருந்த வெற்றிடம்தான் போட்டோவில் தடித்தடியான இறக்கைகளாகத் தெரிந்திருக்கிறது. வேறு யாராக இருந்தாலும், 'இது வெறும் அச்சுதானே' என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். அத்தானுக்கு அச்சைப் பார்த்தாலே கண்ணுக்குள் பல் தெரியும். இருபத்தாறு வருஷப் பழக்கம் அது. அச்சு வேறு, பொருள் வேறு என்பதே அந்த மனிதருக்கு மறந்து போய்விட்டது. பன்னிரண்டு நாளும் அந்த மாடல் அலமாரியில் என் கண் முன்னால்தான் உட்கார்ந்திருந்தது. நான் எதையாவது கவனித்தேனா? மண்ணாங்கட்டி.

மாடலைப் படம் பிடித்து அனுப்பியதும் விசில் உடனே கூப்பிட்டார். இந்தத் தடவை அவர் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணே! இது ரொட்டி வேன் டர்போண்ணே! காலையில கடைக்குக் கடை ரொட்டி இறக்கிட்டுப் போகுமே, அந்தச் சின்ன வேன்! அதுக்கு வெளிக்கம்பெனிக்காரங்க செஞ்சு விக்கிற மாத்து டர்போ. நான் மாசத்துக்கு நாலு பாக்கறேன்!"

பன்னிரண்டு நாள் தங்கமாக இருந்தது ஒரே நிமிஷத்தில் ரொட்டி வேனுக்கு இறங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அத்தானோ அவருக்கு ஏதோ பரிசு விழுந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரோட்டுக்கு ஆகுமா?" என்று மட்டும் கேட்டார்.

"தாராளமா! அனுமதிப் பட்டியல்லயே இருக்கு. எண்ணெய் இறங்குற குழாய்க்குப் பக்கத்துல அஞ்சு எண் புடைப்பா வார்த்திருப்பாங்க. அதைக் காட்டுங்க போதும்."

பரிசோதகர் பட்டியலைத் திறந்து விரலை ஓட்டினார். இருந்தது. ஆனால் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "அந்த நம்பரை நான் கண்ணால பாக்கணும் சார். போன்ல ஒருத்தர் சொன்னார்னு ஸ்டாம்ப் அடிக்க முடியாது" என்றார்.

எல்லோரும் வண்டிக்குப் போனோம். அத்தான் கையை உள்ளே விட்டுத் தடவினார். "இருக்கு! விரல்ல தட்டுப்படுது!" தட்டுப்பட்டு என்ன பயன்? கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. நான் பரிசோதகரிடம் பாய்வதற்குத் தயாரானபோது அத்தான் தம் சட்டைப் பையிலிருந்து ரோஜா நிற மெழுகுத் தகடு ஒன்றை எடுத்தார். பல்செட்டுக்கு ஈறு செய்கிற மெழுகு. பேனா வைத்திருக்கிற மாதிரி அதை வைத்திருப்பார். தகடு விறைப்பாக இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மேடம், உங்க டீ இன்னும் சூடா இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

அத்தான் மெழுகுத் தகட்டை அந்த அம்மாவின் டீயில் முக்கி எடுத்தார். பரிசோதகர் வாயைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார். அக்கா அதை வாங்கி இரண்டு பிசை பிசைந்து, பதம் பார்த்து, அத்தான் விரல் நுனியில் வைத்தாள். அவர் கை உள்ளே போயிற்று. சின்னதாக ஓர் அழுத்தல். வெளியே வந்தபோது மெழுகில் ஐந்து எண்கள் பளிச்சென்று பதிந்திருந்தன.

"தலைகீழா இருக்குங்க. இது அச்சு" என்றாள் அக்கா, அத்தானைப் பார்த்து.

"தெரியுது" என்றார் அத்தான். அசடு வழிந்தது.

பரிசோதகர் மெழுகை மஞ்சள் காரின் பக்கக் கண்ணாடி முன்னால் பிடித்து, கண்ணாடிக்குள் பார்த்து, ஒவ்வொரு எண்ணாகப் பட்டியலோடு சரிபார்த்தார். ஐந்தும் சரி. பழைய படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுப் படிவம் கொடுத்தார். அத்தான் ரொட்டி வேன் டர்போவின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். டொக்கென்று ஸ்டாம்ப் விழுந்தது. "சார், எனக்கு ஒரு டீ பாக்கி" என்றார் அந்த அம்மா. நானே ஓடிப் போய் வாங்கிக் கொடுத்தேன். எனக்கு அப்போது அந்தப் பரிசோதகரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

திரும்பி வந்தபோது அவர்கள் இரண்டு பேரும் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார் அத்தான்.

"நீங்க போனை நீட்டினீங்களே, அப்பவே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடிப்பாவி! பன்னெண்டு நாளா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? மனுஷன் நடைப்பிணமா திரியறதைப் பாத்துக்கிட்டே இருந்தியே!"

அக்கா என்னைக் கண்டுகொள்ளவில்லை. அத்தானைப் பார்த்துத்தான் சொன்னாள். "போகட்டும்னுதான் சொல்லாம இருந்தேன். பகல் முழுக்க மோட்டார் சத்தத்துல நம்ம ஒரு வார்த்தை பேசறது கிடையாது. ஆறு மணிக்கு மோட்டாரை நிறுத்தினா அப்புறம்தான் பேசுவோம். என்ன பெருசா பேசினோம், யாரோட பல்லு கோணல்னு பேசுவோம். ஆனா பேசுவோம். இது வந்ததுல இருந்து நான் மோட்டாரை நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தா உங்க நாற்காலி காலியா இருக்கு. எட்டு மாசமா."

அத்தான் மஞ்சள் காரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க என்னை ரெண்டு திட்டு திட்டியிருந்தா விட்டிருப்பேன். இந்த வண்டி போனா போகுதுன்னு இருந்திருப்பேன். யாரையும் ஒரு வார்த்தை சொல்லாம பேனாவைத் திறந்தீங்க பாருங்க, அதுதான் என்னால தாங்க முடியல." அவள் கண் கலங்கிவிட்டது. "இப்ப திட்டணும்னா திட்டிக்குங்க."

அத்தான் வண்டியின் இடப்பக்கம் போய்க் கதவைத் திறந்தார். அக்காவை உட்காரச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். உட்கார எங்கே இடம்? சீட்டின் மேல் ஸ்பானர் பெட்டி. அதன்மேல் எண்ணெய் டப்பா. கால் வைக்கிற இடத்தில் பழைய டயர் டியூப், கந்தல் துணி, கழற்றிப் போட்ட ஏதேதோ குழாய்கள். அத்தான் குனிந்து அவற்றைப் பார்த்தபடியே நின்றார். அக்கா ஏன் ஒரு நாளும் ஏறவில்லை என்று நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! ஏறு என்று சொல்கிற மாதிரி அந்த சீட் எட்டு மாதத்தில் ஒரு நாளாவது காலியாக இருந்ததா? எனக்கே அப்போதுதான் உறைத்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

"தப்பு என்னோடதுதான்" என்றார் அத்தான்.

ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தார். நான் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் என் காரில் போட்டேன். என் பின்சீட்டில் எண்ணெய் கொட்டியது; வாயைத் திறக்கவில்லை, சத்தியம். கடைசியில் அவர் தம் கைக்குட்டையால் சீட்டை மூலைமுடுக்கெல்லாம் துடைத்தார். அக்கா முதலில் காலை விட்டு, பிறகு தலையை விட்டு, ஒரு வழியாக உள்ளே போய்ச் சேர்ந்தாள்.

"ஓரளவுக்கு ஓட்டுங்க" என்றாள்.

"ரொட்டி வேன் டர்போதானே" என்றார் அத்தான். அவர் சிரித்ததை நான் பார்த்தேன். பரிசோதகரும் பார்த்தார், வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள்.

மஞ்சள் கார் முன்பக்க கேட் வழியாக வெளியே போய், வீட்டுக்குப் போகிற பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் திரும்பியது. அப்போது மணி பதினொன்றரை. அன்று மாலை ஏழு மணி வரை லேபில் ஆள் இல்லை. போனைக்கூட வீட்டில் எடுக்க ஆள் இல்லாமல், பல்செட் எங்கே பல்செட் எங்கே என்று ஆறு கிளினிக்காரர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இன்றைக்கு லீவு என்று ஆறு பேருக்கும் நான்தான் பதில் சொன்னேன்.